டொக்டரின் இரண்டாம் வாசிப்பு

இயந்திரத்தின் வாயிலிருந்து படச்சுருள் வெளியே வரும்போது, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த அப்பத்தின் சூடு அதில் இருக்கும். நுனியை இரண்டு விரல்களால் பிடித்து விளக்குப் பெட்டியின் மேல் கிடத்துவேன். தபால்தலை அளவில், கட்டம் கட்டமாக, ஒரு மனிதரின் இதயம். இதயம் என்றால் முழு இதயமல்ல. அதைச் சுற்றி ஓடுகிற இரத்தக் குழாய்கள்தான் படத்தில் விழும். தொடையடியில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயம்வரை கொண்டுபோய், அதன் வழியே சாயத்தை விட்டு, சாயம் ஓடுகிற அந்தச் சில விநாடிகளைச் சினிமா பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். பிடிப்பவர்கள் மேல்மாடியில் டொக்டர்மார். கழுவுகிறவன் கீழே இருட்டறையில் நான். எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் இதயப் பிரிவில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. முதல் வாரமே ஒரு படத்தைக் கண்டேன். நல்ல பருமனாக ஓடிவந்த குழாய் ஓரிடத்தில் நூலாக மெலிந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி பருத்து ஓடியது. என் வலக்கை தானாக எழுந்து என் இடப்பக்க நெஞ்சில் போய் அமர்ந்தது. கழுவத் தந்த படம் யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை.

பயப்படுவதில் எனக்கு இயற்கையான திறமை உண்டு. மற்றவர்கள் நோய் வருத்தம் வந்த பிறகு பயப்படுவார்கள். நான் முதலில் பயந்துவிட்டு, அதற்குப் பொருத்தமான வருத்தத்தைப் பிறகு தேடிக்கொள்வேன். பிளேஸ்டோ ஸ்டேசனில் படிகளை எண்ணி எண்ணித்தான் ஏறுவேன். மூச்சு வாங்கினால் இதயத்தில் அடைப்பு. மூச்சு வாங்காவிட்டால் இதயம் வேலையை நிறுத்திவிட்டதன் அறிகுறி. ஒருநாள் ரயிலில் நின்றபடி மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, என்னைவிட இருபது வயது மூத்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் எழுந்து தன் இருக்கையைத் தந்தார். வெட்கமில்லாமல் இருந்துகொண்டேன். இதை வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்களுக்கு வருத்தம் நெஞ்சுக்க இல்லை, நாக்கில. முதல்ல அந்தக் கத்தரிக்காய்ப் பொரியலைக் குறையுங்கோ” என்றா.

இந்தப் பயத்தோடுதான் நான் டொக்டருக்கு அறிமுகமானேன். பெயர் எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது இளைய பெண். இரண்டு வருட ஆராய்ச்சிக்காக எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். முதல்நாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை, அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் செய்யாத விதமாக, ஓர் எழுத்துக்கூட இடறாமல் முழுவதும் வாசித்தார். பிறகு, “யாழ்ப்பாணமோ அண்ணை?” என்றார். ஓம் என்றேன். அடுத்த கேள்வி, “ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. படப்பெட்டிகளை எடுக்க வரும்போதெல்லாம் கேட்பார்.

“இண்டைக்கு எந்தப் பக்கம் அண்ணை?”

“இடப்பக்கம் டொக்டர். கொஞ்சம் மேல.”

“நேற்று வலப்பக்கம் எண்டனீங்கள்?”

“அது நேற்று.”

“நேற்று இராச் சாப்பாடு என்ன?”

“கணவாய்க் கறி.”

“அப்ப அது கணவாய். நீந்தித் திரியுது” என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை அணைத்துக்கொண்டு மாடியேறிவிடுவார்.

அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று அறிய எனக்கு அடக்கமுடியாத ஆவல். பாதி அறிவுப் பசி. மீதி, என் சொந்த நெஞ்சுக்கு ஏதாவது உதவுமா என்ற சுயநலம். ஒருநாள் கன்ரீனில் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்து விளக்கினார். ஒடுங்கிப்போன குழாய்க்குள் ஒரு சின்னப் பலூனைக் கொண்டுபோய் ஊதி, ஒடுக்கத்தை விரிக்கிற வைத்தியம் அப்போது புதிது. விரிந்த இடம் ஆறு மாதத்துக்குப் பிறகும் விரிந்தபடி இருக்கிறதா, மறுபடி ஒடுங்குகிறதா? ஒடுங்கினால் எவ்வளவு? இதுதான் கேள்வி. நோயாளிகளைப் பலூனுக்கு முன்னும் பின்னும் ஆறு மாதம் கழித்தும் படம் பிடித்து, படத்தைச் சுவரில் பெரிதாக விழுத்தி, அளவுகோலால் ஒடுக்கத்தை அளக்க வேண்டும். அளந்ததைக் கட்டுரையாக எழுதி ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட வேண்டும். கோடைகாலத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரையைச் சஞ்சிகை ஏற்றுக்கொண்டால் வேறொரு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைக்கும். ஏற்காவிட்டால் வேலையும் இல்லை, வேலையோடு ஒட்டியிருந்த விசாவும் இல்லை. யுத்தம் மூண்டிருந்த அந்த நாளில் மன்னாருக்குத் திரும்பிப் போவது என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு வசனம்தான் சொன்னார்: “இந்தக் கட்டுரை இல்லாட்டி நான் பெட்டி கட்டவேண்டியதுதான் அண்ணை.”

இதில் எனக்கும் ஒரு பங்கு தந்தார். அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.

படப்பெட்டிகளின் மேலிருக்கும் பெயரையும் திகதியையும் நான் தாளொட்டி மறைக்க வேண்டும். மேலே ஓர் இலக்கம் மட்டும் எழுத வேண்டும். எந்த இலக்கம் யாருடைய எந்தப் படம் என்ற பட்டியல் என் மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கும். டொக்டர் பார்க்கக் கூடாது. ஏன் இந்தக் கண்கட்டு வித்தை என்று கேட்டேன். “பலூனுக்கு முந்தின படம் எண்டு தெரிஞ்சா, கண் ஒடுக்கத்தைத் தேடும். பிந்தின படம் எண்டு தெரிஞ்சா, கண் சந்தோசத்தைத் தேடும். என்ர கண்ணை நான் நம்புறேல்லை அண்ணை” என்றார். அப்படியென்றால் நல்ல கண் டொக்டர் ஒருவரிடம் காட்டலாமே என்றேன். சிரித்தார். பிறகு, சில படங்களுக்கு வேறு இலக்கம் போட்டுச் சில வாரங்கள் கழித்து இரண்டாம் தடவையும் தனக்கு அனுப்பச் சொன்னார். எந்தப் படங்கள் என்று தனக்குத் தெரியக் கூடாதாம். அவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒரு தாளில் பென்சிலால் அளவை எழுதி அனுப்புவார். நான் தாள்களைச் சேர்த்துப் பெரிய அட்டவணையில் பதிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தான் எதையும் சோதனையாகத்தான் விளங்கிக்கொள்வான். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறார்கள் என்றால் அது பிரிவுத் தலைவரான பேராசிரியர் வைத்த சோதனை. இரண்டு தரமும் ஒரே விடை எழுதினால் டொக்டர் பாஸ், மாறி எழுதினால் பெயில். இப்படி நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டாம் வாசிப்புத் தாள்கள் வரத் தொடங்கின. பட்டியலைத் திறந்து முதல் தாளோடு ஒப்பிட்டேன். முதல் தடவை ‘அரைவாசிக்குக் கொஞ்சம் மேல் ஒடுக்கம்’ என்ற பொருளில் எழுதிய அதே படத்துக்கு, இரண்டாம் தடவை ‘முக்கால்’ என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் தலைகீழாக. ஒரு சிலதான் பொருந்தின. எங்கள் டொக்டர், என் பெயரை ஓர் எழுத்து இடறாமல் வாசித்தவர், சோதனையில் பெயில்.

லண்டனுக்கு வருமுன் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டோ ஸ்ரூடியோவில் பத்து வருடம் இருந்தவன். எடுத்த படத்தின் நெகற்றிவில் மெல்லிய பென்சிலால் தடவி, பெண்பிள்ளையின் அம்மைத் தழும்பை மறைப்பது, மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழிருக்கும் கருமையை எடுப்பது, இவைதான் என் வேலை. ஆளைவிடப் படம் வடிவாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் வேதம். எத்தனையோ கலியாணங்கள் என் பென்சில் நுனியில் நடந்திருக்கின்றன. அந்தக் கை சும்மா இருக்குமா? அழிறப்பரை எடுத்தேன். இரண்டாம் தாளிலிருந்த அளவை அழித்து, முதல் தாளின் அளவை, டொக்டரின் கையெழுத்திலேயே எழுதினேன். அவருடைய ஏழு கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதையும் சாய்த்தேன். கெட்டிக்கார ஸ்ரூடியோக்காரன் முகத்தில் ஒரு மச்சத்தையாவது விட்டுவைப்பான். நான் அதையும் விடவில்லை. வித்தியாசமாக இருந்த எல்லாத் தாள்களையும் பளபளவென்று துடைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அன்று முழுநாளும் எனக்கு நெஞ்சு நோகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அட்டவணை புள்ளிவிபரம் பார்க்கிற வெள்ளைக்காரரிடம் போனது. இரண்டு நாளில் அவர் டொக்டரைக் கூப்பிட்டு, மனிதக் கண் எதுவும் இப்படி வாசிக்காது என்று சொல்லிவிட்டார். டொக்டர் இருட்டறைக்கு வந்து, வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பெட்டிகள் எடுக்கவில்லை. எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை.

“அண்ணை, ரெண்டாம் வாசிப்பு எல்லாம் முதல் வாசிப்போட அப்பிடியே பொருந்துது.”

“சந்தோசம்தானே டொக்டர்?”

“என்ன சந்தோசம்? நான் இவ்வளவு கெட்டிக்காரி இல்லை. படங்களை எப்பிடியோ அடையாளம் கண்டிருக்கிறன். முதல் எழுதினது மனசில இருந்திருக்கு. வேற விளக்கம் இல்லை. அப்பிடியெண்டா ஒண்டையும் நம்பேலாது. மற்ற வாசிப்புகளையும் நம்பேலாது. நாளைக்குப் பத்து மணிக்குப் பேராசிரியரிட்டப் போய்ச் சொல்லப்போறன், இந்தக் கட்டுரை வேண்டாமெண்டு.”

ஒரு மனுசி, நான் செய்த குற்றத்துக்காகத் தன்னைத்தானே பிடித்துக்கொடுக்கப் போகிறார். பேச வாய் திறந்தேன். வந்தது வலி. இம்முறை கணவாய் இல்லை, கத்தரிக்காய் இல்லை, அசல் வலி. கழுத்துக்கு ஏறி, இடக்கையில் இறங்கி, புத்தகத்தில் போட்டபடி ஒழுங்காக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். டொக்டர் என்னை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் கிடத்தி, சட்டையைத் திறந்து, ஈசீஜியின் றப்பர்க் குமிழ்களை நெஞ்சில் ஒவ்வொன்றாகப் பதித்தார். கணவாயின் கால்கள் மாதிரி அவை என்னை உறிஞ்சிக்கொண்டு நின்றன. இது முடிவுதான் என்று தெரிந்தது. சாகப்போகிறவனை யார் வேலையை விட்டு நிறுத்துவார்கள்? அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

“டொக்டர், நீங்கள் ஒண்டையும் அடையாளம் காணேல்லை. நான்தான் அழிச்சு எழுதினனான்.”

அவருடைய கை நின்றது. “எதை?”

“எல்லாத்தையும்.”

இயந்திரத்திலிருந்து தாள் கிறீச்சென்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கிழித்தெடுத்து, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

“உங்கட இதயத்துக்கு ஒண்டுமில்லை.”

“வடிவாப் பாத்தனீங்களோ? ஒருக்கா ரெண்டாந்தரமும் பாருங்கோ டொக்டர்.”

“ரெண்டாந்தரம் பாத்து என்ன? நீங்கள் திருத்தத்தானே போறியள்.”

அது பகிடியென்று சிரிக்கப் போனவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கொஞ்சம் பலமாகத்தான் பிடுங்கினார். ஏன் செய்தனீங்கள் என்று கேட்டார். உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்று நினைத்தேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் இந்த வயதிலும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

“எனக்கு மரியாதை தேவையில்லை அண்ணை. என்ர பிழை எனக்குத் தேவை. நான் எவ்வளவு பிழை விடுவன் எண்டு அளக்கத்தான் ரெண்டு தரம் பாத்தனான். நீங்கள் அதைத்தான் அழிச்சுப் போட்டீங்கள்.”

தான் எவ்வளவு பிழை விடுவோம் என்று அளந்து, அதை அச்சிலும் போட்டு உலகத்துக்குக் காட்ட விரும்புகிற ஒரு மனுசியை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் ஊரில் பிழை என்பது மற்றவர்கள் விடுவது. படுத்தபடி யோசித்தேன், ஏன் இது தேவைப்படுகிறது என்று. டொக்டரே பிறகு சொன்னார். ஆறு மாதத்தில் ஒரு குழாய் கொஞ்சம் ஒடுங்கியிருப்பதாகத் தெரிகிறது; அது குழாய் ஒடுங்கியதா, அவர் கண் தடுமாறியதா? தன் தடுமாற்றம் எவ்வளவு என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. தெரியாமல் சொன்னால், ஒடுங்காத குழாயை ஒடுங்கியதென்று நம்பி யாரோ ஒருவரின் தொடையில் மறுபடி குழாய் ஏற்றுவார்கள். என் அழிறப்பர் அவ்வளவு தூரம் போயிருக்கும். நான் பெண்பிள்ளைகளின் தழும்பை மட்டுமே மறைத்துப் பழகியவன்.

மறுநாள் பத்து மணிக்கு நானும் கூடப் போனேன். “நீங்கள் வரத் தேவையில்லை” என்று டொக்டர் சொன்னார், கேட்கவில்லை. பேராசிரியருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அன்று எனக்கு அவர் பேசியது பாதி கேட்கவேயில்லை. எத்தனை தாள் என்று கேட்டார். எல்லாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்த இடத்தில் மரியாதை என்ற சொல்லுக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அவர் நல்ல டொக்டர் என்று மட்டும் சொன்னேன். பேராசிரியர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். என் நாடியை எண்ண ஆசைப்பட்ட கையை மற்றக் கையால் பிடித்துவைத்திருந்தேன். பிறகு அவர் டொக்டர் பக்கம் திரும்பி, பட்டியலையும் தாள்களையும் ஒரே ஆளின் கையில் கொடுத்தது யாருடைய ஏற்பாடு என்றார். டொக்டர் தயங்கவில்லை. என்னுடைய ஏற்பாடு, என்னுடைய பிழை என்றார். ஆறு கிழமை அவகாசம் கிடைத்தது. அதற்குள் இரண்டாம் வாசிப்பு முழுவதையும் மறுபடி செய்து முடிக்காவிட்டால், கோடைக்கு முன் கட்டுரை போகாது.

என் லாச்சிச் சாவி பேராசிரியரின் செயலாளர் அம்மாவிடம் போனது. அதற்குப் பிறகு என்னை நடைவழியில் கண்டாலே அந்த அம்மா படப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். டொக்டர் மத்தியான இடைவேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் அறையைப் பூட்டிக்கொண்டு வாசித்தார். எனக்குச் சனிக்கிழமை வேலை இல்லை, ஆனாலும் போனேன். கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்து, உள்ளே புரொஜெக்டர் ஓடுவதும் நிற்பதுமாகக் கேட்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீண்டநேரம் நின்றால், ஒரு படத்தில் அவர் திணறுகிறார் என்று அர்த்தம். உள்ளே போய் உதவ முடியாது என்பது எனக்கு விதித்த தண்டனை. தேத்தண்ணி மட்டும் கொடுக்கலாம்.

ஆறாம் வாரத்துச் சனிக்கிழமை பின்னேரம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் புள்ளிவிபரக்காரரின் தாள்.

“அண்ணை, நான் நினைச்சதை விட மோசம்.”

“எவ்வளவு மோசம்?”

“சின்னச் சின்ன ஒடுக்கம் ஒண்டையும் பற்றி நான் வாய் திறக்கேலாது. பெரிசு மட்டும்தான் மிஞ்சுது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. கட்டுரை பாதியாகச் சுருங்கிப்போனது. பெரிய சஞ்சிகை ஒன்று திருப்பி அனுப்பியது. நடுத்தரமான ஒன்று ஏற்றுக்கொண்டது. அதுவே போதுமாக இருந்தது. வடக்கே மழை கூடிய ஒரு நகரத்தில் டொக்டருக்கு வேலை கிடைத்தது.

போகுமுன் ஒருதரம் கெஞ்சிக் கேட்டேன், தாள் மாற்றின விசயத்தைக் கட்டுரையில் எழுதாமல் விட ஏலாதா என்று. “பிழையை எழுதாட்டி மிச்சத்தை ஆர் நம்புவினம்?” என்றார். அதன் பிறகு பல மாதம் எனக்கு நித்திரையில் லண்டன் முழுவதும் அந்தச் சஞ்சிகையை வாசித்துக்கொண்டு ரயிலில் வந்தது.

மறு வருடம் கட்டுரையின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்னவர்களின் வரிசையில், ஓர் எழுத்து இடறாமல், என் பெயர். என் மனைவிக்கு அந்தப் பக்கம் போதும். அப்டன் பார்க்கில் ஒரு கடையில் கொப்பி எடுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வந்த சனத்தில் பாதிப்பேருக்குக் காட்டிவிட்டா. இவர் இதயத்தைப் பற்றி எழுதினவர் என்பதுதான் தலைப்பு. முந்திய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் வாயே திறக்கவில்லை. வருடக்கணக்காகத் திறக்கவில்லை. தொண்ணூறுகள் வந்தன, இருட்டறையைப் பூட்டிக் கணினி வைத்தார்கள், என்னையும் அதற்குப் பழக்கினார்கள்.

போன வருடம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மச்சானின் புது வீட்டில் பால் காய்ச்சினோம். மச்சான் என் மனைவியின் தம்பி, பார்மசியில் வேலை, எதையும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள். விருந்தினருக்குக் காட்ட மனைவி கொண்டுவந்திருந்த முழுப் பிரதியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். நான் வடைத் தட்டோடு மெல்லக் குசினிப் பக்கம் நகர்ந்தேன்.

“அத்தான், இஞ்ச ஒருக்கா வாங்கோ. இதில ஆரோ ஒரு விசரன் ரெண்டாம் வாசிப்பு முழுக்க மாத்திப்போட்டானாம். எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டுத் திருப்பிச் செய்ததாம். ஆர் அது?”

“இவருக்குத் தெரியாமலோ?” என்றா மனைவி பெருமையோடு. “இவர்தானே அங்க எல்லாம்.”

“ஓம்,” என்றேன். “நான்தான் அந்த விசரன்.”

அறை சிரித்தது. “உங்கட பகிடிக்கு ஒரு அளவில்லை அத்தான்” என்றார் மச்சான். வாழ்நாள் முழுவதும் பகிடி விட்டவனுக்கு உண்மை சொல்லும்போது யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். வடைத் தட்டை வைத்துவிட்டு, அழிறப்பரிலிருந்து தொடங்கி, றப்பர்க் குமிழ்கள்வரை சொன்னேன். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மனைவி கைப்பையின் வாயை மூடினா. நான் நெஞ்சைப் பிடிக்கவில்லை, பிடிக்க நேரமிருக்கவில்லை.

மச்சான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த இடத்தை மறுபடி வாசித்தார். மருந்துச் சிட்டை பார்க்கிறவரின் வாசிப்பு, சொல் சொல்லாக.

“ஆனா அத்தான், இதில உங்கட பிழை எண்டு ஒண்டுமே இல்லையே. பட்டியலையும் தாளையும் ஒரே கையில குடுத்தது தன்ர பிழை, அதாலதான் இது நடந்தது எண்டு அவ எழுதியிருக்கிறா.”

“ஓம் மச்சான்,” என்றேன். “அந்தக் கட்டுரையில அவ திருத்தின இடம் அது ஒண்டுதான்.”